நூறு வயதில் 100 மீட்டர்: மூத்த பெண்களின் ஸ்பிரிண்ட் சாதனைகளை எப்படிப் படிப்பது, எப்படித் தயாராவது?

நான்காம் லேன்:

நூறு வயதைத் தொட்ட பெண்களின் 100 மீட்டர் நேரம் செய்தியில் வரும்போதெல்லாம் "உலக சாதனை" என்ற சொல்லும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. மன் கௌர் 1 நிமிடம் 14 விநாடி. ராம்பாய் 45.40. ஜூலியா ஹாக்கின்ஸ் 39.62. அதே ஹாக்கின்ஸ் பெயரில் 1:02.95 என்று இன்னொன்று. டயான் ஃப்ரீட்மன் 36.71. ஐந்தையும் ஒரே தாளில் எழுதினால் எது எதை முறியடித்தது என்று தலையும் புரியாது, வாலும் புரியாது. சாதனைப் பட்டியல் தெரிந்தவர்கள் இந்த இழையில் இதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

கூடவே இன்னொரு கேள்வி. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்டார்டிங் பிளாக் (குனிந்து காலை ஊன்றித் தள்ளிப் புறப்படும் கட்டை) கொடுப்பதா, நின்றபடியே புறப்பட விடுவதா? இரண்டு பக்கமும் கோச்சுகள் உறுதியாகப் பேசுகிறார்கள். காரணம் தெரிந்து பேசுபவர்கள் எழுதினால் பயன்படும்.

பழையதாள்:

முதலில் வயதுப் பிரிவு. மாஸ்டர்ஸ் தடகளம் 35-இல் தொடங்கி ஐந்தைந்து ஆண்டாக ஏறும். பெண்களுக்கு டபிள்யூ35, டபிள்யூ40 என்று போய் டபிள்யூ100, டபிள்யூ105 வரை தனித்தனி வரி உண்டு. ஒரு வரியில் இருக்கும் நேரம் அடுத்த வரியை முறியடிக்காது. ஹாக்கின்ஸின் 39.62 அவருக்கு 101 வயதானபோது, 2017-இல் ஓடியது, எனவே டபிள்யூ100. அவருடைய 1:02.95 என்பது 2021 நவம்பரில் லூசியானாவில் 105 வயதில் ஓடியது, எனவே டபிள்யூ105. இரண்டும் அவருடையவைதான், ஆனால் ஒன்றோடொன்று மோதுவதில்லை. 39.62-ஐ முறியடித்தது ஃப்ரீட்மன் 2021-இல் ஓடிய 36.71. 200 மீட்டரிலும் அவர் அதே ஆண்டு 1:29.78 ஓடினார்.

மன் கௌர் 2017-இல் ஆக்லாந்தில் ஓடியது உலக மாஸ்டர்ஸ் கேம்ஸ். அது பல விளையாட்டுகள் சேர்ந்த திருவிழா. தடகள சாதனைப் பட்டியலை வைத்திருக்கும் வேர்ல்ட் மாஸ்டர்ஸ் அத்லெட்டிக்ஸ் வேறு அமைப்பு. ஆக்லாந்தில் அவருடைய பிரிவில் அவர் ஒருவர்தான் ஓடினார். தங்கம் தங்கம்தான், அதில் குறைவேதும் இல்லை. ஆனால் தங்கம் வேறு, உலக சாதனை வேறு. ராம்பாய் 2022 ஜூனில் வதோதராவில் ஓடிய 45.40-உம் தேசிய சாதனை என்றுதான் முதலில் அறிவிக்கப்பட்டது. "உலக" என்ற சொல் தலைப்புகளில் பின்னால் சேர்ந்தது. உலகப் பட்டியலில் ஏறத் தனியாக விண்ணப்பம் போக வேண்டும், அதை ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.

உச்சி வயதுகளில் நேரம் ஏன் இப்படித் தாவுகிறது என்பதையும் பாருங்கள். 2016-இல் பென் ரிலேஸ் போட்டியில் ஐடா கீலிங் நூறு வயதில் 1:17.33 ஓடினார். அடுத்த ஆண்டே 39.62. நான்கு ஆண்டில் 36.71. ஐந்தே ஆண்டில் நேரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. மனித உடல் ஐந்தாண்டில் மாறவில்லை. அந்த வயதில் கோட்டுக்கு வந்து நிற்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், நன்றாகப் பயிற்சி செய்த ஒருவர் வந்தாலே வரி முழுதும் மாறிவிடும். கீழ் வயதுகளில் அந்த விளையாட்டு நடக்காது. ஜமைக்காவில் பிறந்து பின்னர் ஸ்லோவேனியாவுக்காக ஓடிய மெர்லீன் ஓட்டி 2000-இல் தெசலோனிகியில் 40 வயதில் ஓடிய 10.99 கால் நூற்றாண்டு நின்ற நேரம்.

ஓட்டியின் வரிசைதான் முதுமையைப் படிக்க நம்மிடம் உள்ள மிகச் சிறந்த ஆவணம் என்பேன். 36 வயதில் 10.74. 40-இல் 10.99. 46-இல் 11.34. 2010-இல், 50 வயதில் 11.67. ஒரே உடல், ஒரே தூரம், எல்லாம் மின்னணு நேரம். 14 ஆண்டில் 0.93 விநாடி கூடியிருக்கிறது, ஆண்டுக்குச் சராசரியாக 0.6 சதவீதம். அந்த 2010-லேயே பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஸ்லோவேனியாவின் ரிலே அணியில் ஓடினார், இளையவர்களோடு.

வயது நாள் கணக்கு எவ்வளவு கறார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜமைக்காவின் ஒலிம்பிக் சாம்பியன் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸின் வாழ்நாள் சிறந்த நேரம் 10.60, 2021 ஆகஸ்டில் லொசானில் ஓடியது. ஆனால் அவர் பிறந்தது 1986 டிசம்பர் 27. அன்று அவருக்கு 34 வயது. நான்கு மாதம் போதவில்லை. டபிள்யூ35-க்குக் கணக்கில் வருவது அடுத்த ஆண்டு மொனாக்கோவில் ஓடிய 10.62.

கடைசிக்கோடு:

பழையதாள் பட்டியலைச் சொன்னார். நான் அந்தப் பட்டியலுக்குள் நுழையும் வாசலைச் சொல்கிறேன், ஏனென்றால் பாட்டிமார்களின் நல்ல ஓட்டங்கள் பல அங்கேதான் தொலைகின்றன.

கைக்கடிகார நேரம் ஸ்பிரிண்ட் சாதனைக்குச் செல்லாது. போட்டோ ஃபினிஷ் படம் (முடிவுக்கோட்டு கேமரா எடுப்பது) வேண்டும், காற்றளவு வேண்டும், வயதுச் சான்று வேண்டும், அந்தப் போட்டோ ஃபினிஷ் கருவிக்கு அன்று செய்த ஜீரோ கன்ட்ரோல் டெஸ்ட் படமும் வேண்டும். அதாவது, துப்பாக்கியை முடிவுக்கோட்டு கேமரா முன்னால் சுட்டு, வெடித்த கணத்தில் கடிகாரம் சரியாகப் பூச்சியத்தில் தொடங்குகிறதா என்று காட்டும் படம். காலையில் போட்டி தொடங்கும் முன் எடுக்க வேண்டியது. மறந்துவிட்டால் சாயங்காலம் உட்கார்ந்து உருவாக்க முடியாது.

நேரம் படிக்கும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்து, மேல்நோக்கித்தான் முழுமையாக்குவோம். 36.701 என்றாலும் தாளில் 36.71. கோட்டைத் தொட வேண்டியது உடற்பகுதி. தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில்லை. இங்கேதான் மூத்தோர் போட்டிக்கே உரிய சிக்கல் வருகிறது. முதல் ஆள் வந்து இருபது விநாடி கழித்துக் கடைசி ஆள் வருகிறார். அதற்குள் கேமரா இயக்குபவர் பதிவை நிறுத்திவிட்டு அடுத்த ஹீட்டுக்கு, அதாவது அடுத்த குழுவின் ஓட்டத்துக்கு, தயாராகிறார். இல்லையென்றால், முடித்தவர்களைக் கட்டிப்பிடிக்க உறவினர்கள் கோட்டின்மேல் வந்து நிற்கிறார்கள், படத்தில் ஓடி வரும் அம்மாவின் உடல் மறைந்துவிடுகிறது. நேரம் போச்சு. கூட ஓடி உற்சாகப்படுத்தும் பேரனும் ஆபத்துதான். தடத்தின் உள்ளே பக்கத்தில் ஓடினால் அது உதவி என்று கருதப்படும், தகுதி நீக்கம் வரை போகலாம். கம்பிக்கு வெளியே நின்று எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும்.

காற்று. 100 மீட்டரில் விண்ட் கேஜ் (காற்றளக்கும் கருவி) முடிவுக்கோட்டிலிருந்து 50 மீட்டரில், முதல் லேனை ஒட்டி, தடத்திலிருந்து 2 மீட்டருக்கு மிகாமல், 1.22 மீட்டர் உயரத்தில் நிற்கும். துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 விநாடி அளக்கும். சராசரி விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் சாதனை கிடையாது. இந்த 10 விநாடி இளையவர்களின் ஓட்டத்துக்காக வைத்த அளவு. 36.71 விநாடி ஓடுபவரின் சராசரி வேகம் விநாடிக்கு 2.72 மீட்டர். கேஜ் அளந்து முடிக்கும்போது அவர் இன்னும் 30 மீட்டர் தாண்டவில்லை, கேஜ் நிற்கும் இடத்துக்கே வந்து சேரவில்லை. மீதி 26 விநாடி அடித்த காற்று எந்தத் தாளிலும் இல்லை. விதி விதிதான், அப்படியே பதிவாகும். ஆனால் மூத்தோர் பிரிவுகளுக்காவது அளவு நேரத்தை நீட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குதிகால்:

கடைசிக்கோடு, காற்று விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். காற்றின் எதிர்ப்பு, ஓடுபவருக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். விநாடிக்கு 9.4 மீட்டரில் ஓடும் ஃப்ரேசர்-பிரைஸுக்கு அந்த வர்க்கம் 88. 2.7-இல் ஓடுபவருக்கு 7.3. அசைவற்ற காற்றில் மூத்தவருக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. எதிர்க்காற்று 2 மீட்டர் வந்தால் கதை வேறு. சார்பு வேகம் 4.7, வர்க்கம் 22, எதிர்ப்பு மூன்று மடங்கு. அவரிடம் அதைத் தள்ளும் பலமும் குறைவு. எனவே 85-க்கு மேற்பட்டவர்களை நல்ல நேரத்துக்கு ஓடவைக்க விரும்பும் அமைப்பாளர்கள், பிற்பகல் காற்று எழும் ஊர்களில் அவர்கள் ஹீட்டைக் காலையிலேயே வைத்துவிடுங்கள். வெயிலுக்கும் நல்லது.

இப்போது புறப்பாடு. மாஸ்டர்ஸ் விதியில் பிளாக்கும் குனிந்த புறப்பாடும் கட்டாயமில்லை. 75-க்கு மேல் என் பரிந்துரை நின்ற புறப்பாடு. குனிந்த நிலையில் "செட்" சொன்ன பிறகு இடுப்பைத் தூக்கி அசையாமல் நிற்க வேண்டும். எடை கட்டைவிரல், மணிக்கட்டு, தோள் வழியாக இறங்குகிறது. எலும்புத் தேய்மானம் உள்ள மணிக்கட்டுக்கு அது நல்லதல்ல. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் தலை தாழ்ந்த நிலையிலிருந்து சட்டென நிமிரும்போது கண் இருட்டும். முதல் மூன்று எட்டில் (காலடியில்) விழுந்தவர்கள் பெரும்பாலும் தள்ளும் பலம் இல்லாமல், உடல் சாய்வுக்குக் கால் ஈடுகொடுக்க முடியாமல் விழுந்தவர்கள்.

நின்ற புறப்பாட்டில் செய்ய வேண்டியது: பலமான கால் முன்னால், கோட்டிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி. பின்கால் அதிலிருந்து ஒன்றரைப் பாத நீளம் பின்னால், இடுப்பு அகலத்துக்குப் பக்கவாட்டில். ஒரே கோட்டில் வைத்தால் தள்ளாடும். எடையில் முக்கால் பங்கு முன்காலில். முன்காலுக்கு எதிர்க் கை முன்னால். இதில்தான் பலர் குழம்புகிறார்கள்: வலது கால், வலது கை இரண்டும் முன்னால் வைத்துப் புறப்பட்டு முதல் எட்டே சிக்கிக்கொள்ளும். முதல் எட்டு குட்டையாக இருக்கட்டும். நீளமாக வைத்தால் பாதம் உடலுக்கு முன்னால் விழுந்து பிரேக் போடும்.

முதல் பத்து மீட்டர்:

குதிகால் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். வயதை வைத்து 75 என்று கோடு கிழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சோதனையை வைத்துக் கிழியுங்கள். கையை ஊன்றாமல் சாதாரண நாற்காலியிலிருந்து ஐந்து முறை தடுமாறாமல் எழுகிறாரா? "செட்" நிலையை மூன்று விநாடி நடுக்கம் இல்லாமல் பிடிக்கிறாரா? குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுவதில்லையா? மூன்றும் ஆம் என்றால் பிளாக்கைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. நிலையான பிடிமானம் கிடைக்கிறது, பின்கால் வழுக்குவதில்லை, முதல் தள்ளலில் திசை சரியாக இருக்கிறது.

ஆனால் இளையவர்களின் அளவில் பிளாக்கை வைக்கக் கூடாது. முன் பிளாக் கோட்டிலிருந்து இரண்டு பாத நீளம் என்பது வழக்கம். மூத்தவர்களுக்கு இரண்டரை ஆக்குங்கள், முழங்கால் அவ்வளவு மடங்காது. "செட்"டில் இடுப்பு தோளைவிடத் தெளிவாக மேலே. இடைவழியும் ஒன்று உண்டு: ஒரு கை மட்டும் தரையில், பிளாக் இல்லாமல், மூன்று புள்ளிப் புறப்பாடு. மணிக்கட்டில் பாரம் குறைவு, உடல் சாய்வும் கிடைக்கும்.

குதிகால்:

அந்த மூன்று சோதனையும் சரியான அளவுகோல். ஏற்கிறேன். நாற்காலிச் சோதனையை மாதம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள், ஒரு காய்ச்சல் வந்து போனாலே அந்த வயதில் பலம் இறங்கிவிடும்.

பயிற்சியில் கவனம் எங்கே வைப்பது என்பதற்கு ஃபின்லாந்து ஆய்வு ஒன்று நல்ல விடை தருகிறது. 2000-இல் யுவாஸ்கூலாவில் நடந்த ஐரோப்பிய மூத்தோர் போட்டியில் 100 மீட்டர் ஓடியவர்களைப் படமெடுத்து அளந்தார்கள். வயது ஏற ஏற எட்டின் நீளம் குறைகிறது, பாதம் தரையில் தங்கும் நேரம் கூடுகிறது. எட்டுகளின் வேகம் அந்த அளவுக்கு விழுவதில்லை. அதாவது, கால் வேகமாகத்தான் சுழல்கிறது, தரையை உதைக்கும் பலம்தான் போகிறது. எனவே "காலை வேகமா போடுங்கம்மா" என்று பக்கத்தில் நின்று கத்துவதால் ஒன்றும் வராது. கெண்டைக்கால், தொடையின் பின்தசை, பிட்டம் மூன்றுக்கும் எடைப் பயிற்சி வாரம் இரண்டு நாள். கெண்டைக்காலுக்கு நின்று குதிகால் தூக்குவது ஒன்று, உட்கார்ந்து முழங்கால் மடக்கித் தூக்குவது ஒன்று. இரண்டும் வெவ்வேறு தசை.

ஓட்டம் வாரம் இரண்டே நாள், இடையில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு. 30 மீட்டர் நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று நிமிடம் முழு ஓய்வு. கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவானால் அன்று அத்துடன் நிறுத்துங்கள். களைத்த காலில்தான் பின்தொடை கிழியும். 30 மீட்டர் பழகிய பிறகே 60. ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி உள்ள ஓட்டக் காலணி) கடைசியில் வரட்டும். கடினத் தகடுள்ள ஸ்பைக்ஸ் குதிநாணை (குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணை) இழுக்கும். வளையும் அடிப்பகுதி, 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஆணி போதும்.

நிறுத்துவதையும் பழக்க வேண்டும், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கோட்டில் மார்பை நீட்டிப் பாய்வது வேண்டவே வேண்டாம். ஒரு நூறில் ஒரு பங்கு விநாடிக்காக இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ள முடியாது. கோட்டைத் தாண்டி 20 மீட்டர் எட்டுகளைக் குறுக்கிக்கொண்டே போய் நிற்க வேண்டும். அந்த 20 மீட்டரில் பூங்கொத்தோடு யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துச்சீட்டு:

இந்த இழையில் மருந்துப் பேச்சு வராமல் போகக் கூடாது. மாஸ்டர்ஸ் உலகப் போட்டிகளிலும் ஊக்கமருந்துச் சோதனை உண்டு. சாதாரண வீட்டு மருந்துப் பெட்டியில் தடைப்பட்டவை நிறைய இருக்கின்றன.

ரத்த அழுத்தத்துக்குத் தரும் கூட்டு மாத்திரைகளில் டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதையசைடு அல்லது குளோர்தாலிடோன் சேர்ந்திருக்கும். இவை சிறுநீர் பெருக்கிகள், எப்போதும் தடை. பட்டையின் பெயரில் கடைசியில் நிற்கும் ஓர் எழுத்தை யாரும் கவனிப்பதில்லை. எலும்புத் தேய்மானத்துக்கு ரலோக்சிஃபீன் தடை. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் எடுக்கும் டமாக்சிஃபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் தடை. மாதவிடாய் நின்ற பிறகு தரப்படும் டிபோலோன் தடை. இன்சுலின் தடை. முழங்கால் மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. டிரையாம்சினோலோன் போட்டிருந்தால் 10 நாள் இடைவெளி வேண்டும். ஈஸ்ட்ரோஜன், தைராக்சின், மெட்ஃபார்மின் தடையில் இல்லை.

இதற்காக ஒருவரும் மருந்தை நிறுத்தக் கூடாது. புற்றுநோய் மாத்திரையைப் பதக்கத்துக்காக விடுவது பைத்தியக்காரத்தனம். சிகிச்சைக்கான விலக்கு அனுமதி என்று ஒரு நடைமுறை உண்டு. மருத்துவர் குறிப்பு, பரிசோதனை முடிவுகளோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அழுத்த மாத்திரை என்றால் பல நேரம் தடையில்லாத வேறொன்றுக்கு மருத்துவரே மாற்றித் தருவார்.

தடையில் இல்லாத ஓர் ஆபத்தும் உண்டு: சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக். 60 வயதுக்கு மேல், அதுவும் ஸ்டீராய்டோடு சேர்த்து எடுத்தால் குதிநாண் அறுந்துபோகும் அபாயம் கூடும். சிறுநீர்த் தொற்றுக்கு இதை எழுதிக் கொடுப்பது சாதாரணம். எடுத்த பிறகு சில வாரங்களுக்கு ஸ்பிரிண்ட் வேண்டாம், குதிகாலுக்கு மேலே வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

நான்காம் லேன்:

அருமை. 200 மீட்டர் பற்றி யாராவது? இத்தாலியின் எம்மா மரியா மட்செங்கா 2024-இல் 90 வயதில் 51.47 ஓடினார், அடுத்த ஆண்டு அதையும் ஒரு விநாடிக்கு மேல் குறைத்தார் என்று வந்தது. வளைவு அந்த வயதில் எப்படி?

பழையதாள்:

மட்செங்கா இந்தத் தலைப்பில் தனியாகவே எழுதத் தக்கவர். பதுவாக்காரர், 1933-இல் பிறந்தவர். கால் நூற்றாண்டு ஓடாமல் இருந்து 53 வயதில் திரும்பியவர். ஆராய்ச்சியாளர்கள் அவர் தசையை எடுத்துப் பார்த்ததில், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இருபது வயது ஆரோக்கியமான ஆளுடையதைப் போல இயங்குகிறது, இதய நுரையீரல் திறன் ஐம்பதுகளில் உள்ளவருடையது என்று கண்டார்கள். இந்தியப் பக்கம், நன்றாக ஆவணப்பட்ட ஓட்டம் என்றால் பகவானி தேவியைச் சொல்வேன்: 2022-இல் தாம்பெரேயில், 94 வயதில், 100 மீட்டர் 24.74, தங்கம். அது வேர்ல்ட் மாஸ்டர்ஸ் அத்லெட்டிக்ஸின் சொந்த சாம்பியன்ஷிப், எனவே கடைசிக்கோடு சொன்ன வாசல் முழுவதும் அங்கே இருந்தது.

கடைசிக்கோடு:

200-இல் காற்று இன்னும் விசித்திரம். முதல் ஆள் நேர்ப்பாதைக்குள் நுழைந்ததும் 10 விநாடி அளப்போம். ஆள் குறைவு என்பதால் 75 வயதுக்காரரையும் 90 வயதுக்காரரையும் ஒரே ஹீட்டில் சேர்ப்பது வழக்கம். 75 நுழைந்ததும் அளவு தொடங்கி முடிந்துவிடும். 90 அப்போது வளைவிலேயே இருப்பார். அவர் பெயருக்கு எதிரே எழுதப்படும் காற்று அவர்மேல் அடித்ததே இல்லை. முடிந்தால் மூத்த பிரிவைத் தனி ஹீட்டாக வையுங்கள்.

குதிகால்:

வளைவில் இடது கணுக்காலும் இடது முழங்காலின் உள்பக்கமும் கூடுதல் பாரம் தாங்கும். உள் லேன்களில் அதிகம். லேன் ஒதுக்கும்போது மூத்தவர்களுக்கு 4 முதல் 6 வரை கொடுங்கள். பயிற்சியில் வளைவை வாரம் ஒருநாளுக்கு மேல் வேண்டாம், மற்ற நாள் நேர்ப்பாதை. வளைவு முடியும் இடத்தில் முடுக்கிவிடச் சொல்லாதீர்கள், அங்கேதான் லேன் கோட்டை மிதிக்கிறார்கள்.

நான்காம் லேன்:

கடைசியாக ரிலே. 79, 81, 83, 84 வயது நால்வர் இருக்கிறார்கள் என்றால் எந்தப் பிரிவு?

பழையதாள்:

டபிள்யூ75. அணியில் இளையவரின் வயதுதான் பிரிவு. அந்த 79-க்குப் பதில் 80 ஆன ஒருவர் கிடைத்தால் டபிள்யூ80-இல் ஓடலாம். அவர் நேரம் ஒரு விநாடி கூடினாலும் பரவாயில்லை. உலக சாதனைக்கு நால்வரும் ஒரே நாட்டவராக இருக்க வேண்டும்.

முதல் பத்து மீட்டர்:

கோல் (பேட்டன்) மாற்றும் பகுதி 30 மீட்டர். இளையவர்களைப் போல முழு வேகத்தில் திரும்பிப் பார்க்காமல் வாங்கப் போனால் கோல் கீழே விழும், அல்லது கொடுப்பவர் எட்டிப் பிடிக்கவே முடியாது. வாங்குபவர் பகுதிக்குள் நுழைந்து பத்து மீட்டர் தள்ளி நிற்கட்டும். அவருக்குப் பின்னால் 8 பாத நீளத்தில் நாடா ஒட்டுங்கள், கொடுப்பவர் அதைத் தொட்டதும் மெதுவாகக் கிளம்பினால் போதும். தலையைத் திருப்பி, கோலைக் கண்ணால் பார்த்தே வாங்கட்டும். மூன்று மாற்றமும் பகுதியின் நடுவுக்குள் முடிந்துவிடும்.